கலைச்சொல் வேண்டும்: மலைமேட்டில் ஏறி இறங்கி வீசும் காற்றுக்கு

கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பாராமோட்டார் பழகும் இளைஞர்களுக்கான 40 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். 37 பக்கங்கள் முடிந்துவிட்டன. எஞ்சிய மூன்றும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கின்றன.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணிப் பாய் தலைக்கு மேலே காற்றில் விரிந்து நிற்க, முதுகில் 25 முதல் 30 கிலோ எடையுள்ள எஞ்சினையும் விசிறியையும் சுமந்துகொண்டு ஓடி எழும்புவதுதான் பாராமோட்டார். எங்கள் மாணவர்கள் கடற்கரை மணலில் பழகியவர்கள். அங்கே பாய் ஆளைத் தூக்க மணிக்கு 28 கிலோமீட்டர் வேகம் தேவை என்று வைத்துக்கொண்டால், 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில், 22 டிகிரி வெப்பமுள்ள ஒரு பிற்பகலில், அதே பாய்க்கு 32 அல்லது 33 கிலோமீட்டர் வேண்டியிருக்கும். அந்த வெப்பத்தில் உதகைக் காற்று, சீர்தரக் கணக்கில் 3000 மீட்டர் உயரத்துக்குரிய அளவுக்கு மெலிந்துவிடுகிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் அடர்த்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. கார்புரேட்டரைத் திருத்தாமல் கிளம்பினால் கலவையில் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் திணறும். கூடுதல் வேகத்தில் ஓட வேண்டிய இடத்தில்தான் பின்னாலிருந்து தள்ளும் வலு குறைந்து கிடக்கிறது என்பதை மாணவர் உணர வேண்டும். இதையெல்லாம் தமிழில் எழுதுவதில் எனக்குத் தடையிருக்கவில்லை.

தடை காற்றில் வந்தது. சென்ற வாரம் மேட்டின் விளிம்பில் கையடக்கக் காற்றுமானியோடு நின்று இரண்டு நிமிடங்களில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று நான் குறித்த எண்கள் இவை: 9, 11, 10, 19, 6. அந்த 19-க்கு என்ன பெயர்? பலத்த காற்று, சூறைக்காற்று, கடுங்காற்று ஆகியவை எல்லாம் வலிமையைச் சொல்கின்றன, சீரின்மையைச் சொல்லவில்லை. சீராக 15 கிலோமீட்டரில் வீசும் காற்றில் பழகியவர் ஒருவர் பதற்றமில்லாமல் எழும்பிவிடலாம். எட்டுக்கும் இருபதுக்கும் இடையே துள்ளும் காற்றில் அவரும் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மேல் அதன் விசை நான்கு மடங்காகிறது அல்லவா?

வானிலை அறிக்கைகளைத் தேடினேன். மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும் என்று எழுதுகிறார்கள். நான் தேடும் பொருள் முழுவதும் அந்த ‘இடையிடையே’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கியிருக்கிறது. ஆனால் அது வினையடை. அதைப் பெயராக்கினால்தான் கையேட்டில் புழங்க முடியும். ஆகவே ‘இடைவீச்சு’ என்று எழுதலாமா?

இரண்டாவதாக ஒரு சிறு ஐயமும் உண்டு. காற்று மிகுந்திருக்கும்போது, காற்றுக்கு முதுகைக் காட்டி, தரையில் கிடக்கும் பாயைப் பார்த்தபடி நின்று, அதை மேலே எழுப்பிய பிறகே திரும்பி ஓடுவார்கள். அதற்குப் ‘புறங்காட்டி எழுப்பல்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள்.

உதகையிலிருந்து

அன்புள்ள அம்மா,

தங்கள் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் ‘இடைவீச்சு’ பொருந்தாது. பள்ளி இயற்பியல் பாடத்தில் வீச்சு என்பது அலை தன் நடுநிலையிலிருந்து விலகும் உச்ச அளவைக் குறிக்கும் சொல்லாக வேரூன்றிவிட்டது. ஆகவே இடைவீச்சு என்றால் மாணவர் அதைச் சராசரி அளவு என்று படிப்பார், நீங்கள் சொல்ல வருவதற்கு நேர்மாறாக.

நம்மிடம் ‘வளி’ என்ற பழஞ்சொல் இருக்கிறது. தொல்காப்பியர் பனிக்கு அத்துச் சாரியையும் இன் சாரியையும் விதித்த கையோடு, அடுத்த நூற்பாவிலேயே ‘வளியென வரூஉம் பூதக் கிளவியும்’ அவ்வாறே வரும் என்றார். வளியத்துக் கொண்டான், வளியிற் கொண்டான் என்பன உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். பனியையும் வளியையும் அடுத்தடுத்து வைத்துப் புணர்ச்சி சொன்ன அந்த நூற்பாக்களை, மார்கழிக் குளிரில் இந்த மலையில் உட்கார்ந்து படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெகிழ்ச்சி உண்டாகும். ‘கால்’ என்பதும் காற்றின் பழம்பெயரே. காற்று என்ற சொல்லே அதன் வழி வந்தது என்பது என் துணிபு. ஆனால் காலால் ஓடி எழும்பும் ஒரு கலைக்கு அதைக் கொண்டுவந்தால், காலெழுச்சி என்பது காலின் எழுச்சியா காற்றின் எழுச்சியா என்று குழம்பும். ஆகவே கால் வேண்டாம், வளி போதும்.

என் பரிந்துரை ‘எறிவளி’. இது வினைத்தொகை. எறிந்த வளி, எறிகின்ற வளி, எறியும் வளி என முக்காலமும் அதில் கரந்து நிற்கும். இப்போதுதான் ஒன்று அடித்து ஓய்ந்தது, இன்னொன்று வரவிருக்கிறது என்று ஓயாமல் எதிர்பார்த்து நிற்க வேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான தொகை கிடைக்காது. கொடைக்கானலில் உள்ள நண்பர்களுக்கும் ஒரு சொல்: மேல்காற்றுக்குக் கோடை என்று பெயர், உங்கள் ஊர்ப் பெயரிலேயே அந்தக் காற்று இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

‘புறங்காட்டி’ என்பதை அருள்கூர்ந்து நீக்கிவிடுங்கள். புறங்காட்டல் தமிழில் போர்க்களத்திலிருந்து ஓடுவது. வெண்ணிக் குயத்தியார் கரிகாலனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டை நினைத்துப் பாருங்கள். ‘வளிதொழில் ஆண்ட உரவோன் மருக’ என்று காற்றை ஏவல்கொண்டு நாவாய் ஓட்டியவனின் வழித்தோன்றல் என அவனை விளித்துவிட்டு, அதே பாட்டின் முடிவில் ‘புறப்புண் நாணி வடக்கிருந்தோனே’ என்று தோற்ற சேரனைத்தான் அவனிலும் நல்லவன் என்கிறார். காற்றை ஆளும் தொழிலும் முதுகின் நாணமும் ஒரே பாட்டில் இருக்க, காற்றை ஆளப் பழகும் பிள்ளைகளுக்குப் புறங்காட்டு என்று கற்பிப்பது எனக்கு ஒப்பவில்லை.

கொடைக்கானலிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். ஐயா அவர்களின் மடலை இரண்டு முறை படித்தேன். ஊர்ப் பெயருக்குக் கொடி, கோடை என்று பல விளக்கங்கள் இங்கே உலவுகின்றன. அதை இன்னொரு நாள் பேசலாம். எறிவளி பற்றி மட்டும், களத்தில் நின்று பயிற்சி தருபவன் என்ற முறையில், என் மறுப்பைச் சொல்லியாக வேண்டும்.

மாணவர் எப்படி நிற்கிறார் என்று பாருங்கள். முதுகில் 30 கிலோ. தலையில் கவசம், அதற்குள் காதை மூடிய செவிக்காப்பு. பாயை ஆளோடு இணைக்கும் வார்கள் நெஞ்சுக்கு முன்னே குறுக்கே கடந்திருக்கின்றன. முன்வார்களை இழுக்கிறார், பாய் தரையிலிருந்து கிளம்புகிறது. அது பாதி உயரத்தில், காற்றுக்குக் குறுக்கே சுவரைப் போல நிற்கும் அந்த ஒரு நொடியில்தான் இழுப்பு மிகக் கடுமையாக இருக்கும். சரியாக அந்த நொடியில் காற்று அடித்தால், ஆளைப் பாய் தன் பக்கம் பிடுங்கிக்கொண்டு போகும். அவர் செய்ய வேண்டியது, எதிர்த்துச் சாயாமல், பாயை நோக்கியே இரண்டு மூன்று எட்டு ஓடி இழுப்பைத் தளர்த்தி, பின்வார்களைப் பிடித்து இழுத்துப் பாயை வீழ்த்துவது. இதற்கு ஒரு நொடிதான் இருக்கிறது. நான் பத்து மீட்டர் தள்ளி நின்று ஒரு சொல்லைக் கத்த வேண்டும்.

‘எறிவளி’ என்று கத்தினால் என்ன கேட்கும்? பேச்சில் நம்மில் பெரும்பாலோர் றகரத்தையும் ரகரத்தையும், ளகரத்தையும் லகரத்தையும் பிரித்து ஒலிப்பதில்லை. காற்றின் இரைச்சலில் அது ‘எரிவலி’ என்றுதான் விழும். எஞ்சின் சூட்டில் எங்கோ சுட்டுக்கொண்டதாக நினைத்து அவர் திரும்பிப் பார்ப்பார். மாறாக, காற்றைப் பற்றி நாம் எல்லோரும் என்ன சொல்கிறோம்? காற்று அடிக்கிறது என்கிறோம். ஓங்கி ஒரு அடி அடித்தது என்கிறோம். விட்டு விட்டு அடிக்கிறது என்கிறோம். அடி என்பது எண்ணக்கூடியது: ஒரு அடி, இரண்டு அடி. ஆகவே ‘காற்றடி’ என்று வையுங்கள். பத்து நிமிடத்தில் எத்தனை காற்றடி என்று எண்ணிவிட்டுத்தான் பாயை விரிக்கச் சொல்லுவேன்.

தாண்டிக்குடியிலிருந்து

பள்ளி ஆசிரியை என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. ‘காற்றடி’ என்று எழுதினால் பாதிப் பேர் ‘காற்றாடி’ என்று படிப்பார்கள். முதுகில் உண்மையாகவே ஒரு விசிறி சுழலும்போது இந்தக் குழப்பம் சாதாரணமானதன்று. ‘காற்றாடியைக் கவனி’ என்பதும் ‘காற்றடியைக் கவனி’ என்பதும் ஒரு நெடிலால் வேறுபடுகின்றன. எனக்குக் ‘குத்துக்காற்று’ மேலாகத் தோன்றுகிறது.

அதோடு, நீங்கள் எல்லோரும் 19-ஐப் பற்றியே பேசுகிறீர்கள். அதற்கு அடுத்து வந்த 6-க்குப் பெயர் வேண்டாமா? கால் தரையை விட்ட கணத்தில் காற்று 19-லிருந்து 6-க்கு இறங்கினால், பாய்க்குக் கிடைத்துக்கொண்டிருந்த 13 கிலோமீட்டர் வேகம் திடீரென்று போய்விடும் அல்லவா? இதற்குத் ‘தொய்வு’ என்ற சொல் போதும் என்று நினைக்கிறேன். காற்று தொய்ந்தால் பாயும் தொய்யும்.

கொடைக்கானலிலிருந்து

தொய்வு மிக நன்று. எங்களிடம் விசிறிகள் உடைவதில் பெரும்பகுதி தொய்வில்தான். கால் எழும்பியதும் பறந்துவிட்டோம் என்று மாணவர் இருக்கையில் சாய்ந்துவிடுவார். அடுத்த நொடி பாய் இறங்கும். ஓடுவதற்குக் கால் தரையில் இருக்காது. விசிறிக் கூண்டு தரையில் இடிக்கும். உயரமான இடத்தில், எஞ்சினில் மிச்ச வலு இல்லாதபோது, இது இன்னும் எளிதில் நடக்கிறது. ‘தொய்வு கடக்கும் வரை ஓட்டத்தை விடாதே’ என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

காற்றாடிக் குழப்பத்தைப் பொறுத்தவரை, நாங்கள் எஞ்சினோடு இருப்பதை விசிறி என்றே சொல்கிறோம். கையேடும் அப்படியே சொன்னால் சிக்கல் இல்லை. குத்துக்காற்று என்பதில் குத்து என்றால் செங்குத்து என்றும் பொருள் வரும். மலைச்சரிவில் பிற்பகலில் சமவெளியின் சூடான காற்று மேல்நோக்கி ஏறி வருவது தனியான ஒன்று; அதற்குத்தான் அந்தப் பெயர் போய் ஒட்டிக்கொள்ளும்.

கோத்தகிரியிலிருந்து

அன்புள்ள ஐயா, அம்மா, நண்பர்களே,

இன்று சனிக்கிழமை. காலையில் மறுபடியும் மேட்டுக்குப் போய், நான்கு சொற்களையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு நின்றேன். கீழே தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள் இருக்கின்றன. அவற்றின் இலைகளுக்கு அடிப்புறம் வெண்மை. காற்று சீராக வீசும்போது மரங்கள் பச்சையாகவே அசைந்துகொண்டிருந்தன. ஓங்கிய காற்று ஒன்று சரிவில் ஏறி வந்தபோது, அடிவாரத்து மரம் முதலில் வெளுத்தது, அடுத்து அதற்கு மேலே இருந்தது, அடுத்து இன்னும் மேலே. எனக்கு அருகில் இருந்த கடைசி மரம் வெளுத்து நான்கு எண்ணுவதற்குள் என் முந்தானையை அது அடித்துப் பறித்தது. உடன் வந்திருந்த மாணவர் இருவரிடமும் எதுவும் கற்றுக்கொடுக்காமல், இப்போது வந்ததற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஒருவர் “ஒரு அடி அடிச்சுட்டுப் போயிருச்சு” என்றார். மற்றவர் ஒன்றும் சொல்லவில்லை.

இதுவரை மடல் எழுதியவர்களில் ஐவர் காற்றடிக்கும், இருவர் குத்துக்காற்றுக்கும், ஐயா எறிவளிக்கும் நிற்கிறார்கள். ஆகவே கையேட்டில் ‘காற்றடி’, ‘தொய்வு’ என்றே போடுகிறேன். தாண்டிக்குடி அம்மாவின் எச்சரிக்கையை ஏற்று, எஞ்சினைப் பற்றிப் பேசும் எந்த இடத்திலும் காற்றாடி என்ற சொல் வராமல் பார்த்துக்கொண்டேன். புறங்காட்டியை நீக்கிவிட்டேன், ஐயா. முகம் எங்கே பார்க்கிறது என்பதை வைத்து, காற்று மிகுந்தபோது செய்வதைப் ‘பாய்நோக்கி எழுப்பல்’ என்றும், காற்று இல்லாதபோது முன்னே பார்த்து ஓடிச் செய்வதைக் ‘காற்றுநோக்கி எழுப்பல்’ என்றும் மாற்றியிருக்கிறேன். மரங்கள் வெளுப்பதைப் பார்த்துக் காற்றடியை முன்கூட்டி அறியும் முறையை, மூலத்தில் இல்லாவிட்டாலும், மலையில் பழகுபவர்களுக்காக நானே ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

உதகையிலிருந்து

அன்புள்ள அம்மா,

பாய்நோக்கி எழுப்பல் மிகச் செம்மையான ஆக்கம், தொய்வும் அப்படியே. காற்றடியை நான் ஏற்கவில்லை. றகர ரகர வேறுபாடு வாயில் அழிந்துவருகிறது என்பதற்காக அவ்வெழுத்துகள் வரும் சொற்களைத் தவிர்த்துக்கொண்டே போனால், அந்த வேறுபாட்டை வாயில் மீண்டும் பழக்குவதற்கு ஒரு சொல்லும் மிஞ்சாது. கத்துவதற்கு ஒரு சொல்லும் எழுதுவதற்கு ஒரு சொல்லும் இருப்பதில் இழுக்கில்லை என்பது என் கருத்து. அச்சுக்குப் போகும் கையேட்டில் மாற்றம் கேட்கவில்லை. பின்னிணைப்பில் சொற்பட்டியல் இருந்தால், காற்றடிக்குப் பக்கத்தில் எறிவளி என்றும் ஒரு வரி சேர்க்க இடமிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.