ஃபேன் சுத்துது, திரையில் ஒன்றும் வரல்ல: நானே திறக்கலாமா, கடைக்குக் கொடுக்கவா?

கல்லடி_டீச்சர்:
பாலர் பாடசாலையின் வரவுப் பதிவும் கட்டணக் கணக்கும் இருக்கிற டெஸ்க்டொப். நாலாம் தலைமுறை ஐ3, டிடிஆர்3 ரெம் (நினைவகப் பலகை) 4 ஜிபி இரண்டு, 500 ஜிபி ஹாட் டிஸ்க், வின்டோஸ் 10. மார்கழி விடுமுறை முழுக்க ஓடாமல் கிடந்தது. இப்போ பட்டனை அமத்தினால் ஃபேன் சுத்துது, முன் லைட் எரியுது, மொனிட்டரில் "நோ சிக்னல்" என்று காட்டிப்போட்டுக் கறுத்துப்போகுது. பீப் சத்தம் ஒன்றும் இல்லை. விடுமுறைக்கு முந்தியே திகதி அடிக்கடி 2013க்குப் போய்க்கொண்டிருந்தது. வெறுங்காலோடு நின்று கேஸின் பின்பக்கத்தைத் தொட்டால் கையில் லேசாகச் சுரீரென்கிறது. பெட்டியை இதுவரை யாரும் திறக்கவில்லை. கோப்புகளுக்கு வேறு பிரதியும் இல்லை. நானே திறந்து பார்க்கலாமா, கடைக்குத்தான் கொடுக்க வேண்டுமா?

ஏறாவூர்_வயர்மன்:
திறக்கிற கதைக்கு முந்தி அந்தச் சுரீரைப் பாருங்க டீச்சர். கணினியின் வயரில் மூன்று முள் இருக்கும், ஆனால் நம்மட வீடுகளில் அதை இரண்டு முள் மல்டி பிளக்கில் செருகி, எர்த் முள்ளை அந்தரத்தில் விட்டிருப்பார்கள். கணினிக்கு மின்சாரம் கொடுக்கிற பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிற்றர் (மின்சாரத்தைத் தேக்குகிற பாகம்) இருக்கு, ஒன்று லைனில் இருந்து கேஸுக்கு, மற்றது நியூட்ரலில் இருந்து கேஸுக்கு. எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி, 115 வோல்ட் அளவு, கேஸில் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்றபடியால் சுரீரோடு நிற்கிறது. ஆனால் அந்த நிலையில் மொனிட்டர் கேபிளையோ ரவுட்டர் வயரையோ செருகிக் கழட்டினால் போர்ட்டுக்குச் சேதம் வரலாம்.

மூன்று முள் சொக்கெட்டில் நேரே செருகிப் பாருங்க. அதிலும் சுரீரென்றால் வீட்டு எர்த்தே விட்டுப்போயிருக்கு. அதை நீங்கள் கை வைக்கக்கூடாது, வயரிங் தெரிந்தவர் வந்து அளந்து பார்க்க வேண்டும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கல்லடி முழுக்க மணல். வெயில் காலத்தில் மேல் மணல் காய்ந்தால் ஆழமில்லாத எர்த் கம்பி வேலை செய்யாது. ட்ரிப் சுவிட்சில் இருக்கிற டெஸ்ட் பட்டனை மாதம் ஒருக்கா அமத்திப் பாருங்க. விழாவிட்டால் அதை மாற்ற வேண்டும்.

கல்முனை_திருத்துநர்:
சகோதரி, நீங்கள் சொல்லும் அறிகுறியில் முதல் சந்தேகம் ரெம். இரண்டாவது சிஎம்ஓஎஸ் செல், திகதியைப் பிடித்து வைக்கிற சின்ன வட்ட பேட்டரி. இரண்டையும் வீட்டிலேயே பார்க்கலாம். நம்ம கரையோரத்தில் மழைக்காலம் முழுக்க ஓடாமல் கிடக்கும் கணினிக்கு இது அடிக்கடி வரும்: ஓடும்போது உள்ளே இருக்கிற சூடு ஈரத்தை விரட்டும், நிறுத்தி வைத்தால் உப்புக்காற்றும் ஈரமும் ரெம்மின் முனையில் மெல்லிய படலமாய்ப் பிடிக்கும். ரெம் தெரியாவிட்டால் மதர்போட் (எல்லாப் பாகமும் பூட்டியிருக்கிற பெரிய பலகை) திரைக்கு ஒன்றும் அனுப்பாது. பீப் கேட்கவில்லை என்றதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம், கனபேருடைய கேஸில் அந்தச் சின்ன ஸ்பீக்கரே பூட்டியிருப்பதில்லை.

வயர்மன் சொன்ன சுரீரைத் தீர்த்த பிறகு, முதலில் மொனிட்டர் கேபிளின் இரண்டு முனையையும் கழட்டிச் செருகுங்க. அதிலும் வராவிட்டால் சுவரில் இருந்து பிளக்கைக் கழட்டுங்க. சுவிட்சை மட்டும் போட்டு நிறுத்தினால் போதாது. கழட்டின பிறகு பவர் பட்டனை 10 செக்கன் அமத்திப் பிடித்தால் மதர்போட்டில் மிஞ்சிய மின்சாரம் இறங்கும். பெட்டியை மர மேசையில் வலப்பக்கம் கீழே இருக்கப் படுக்க வையுங்க. பின்னால் இரண்டு ஆணி, இடப்பக்கத் தகட்டைப் பின்நோக்கி இழுத்தால் வந்துவிடும். உள்ளே எதையும் தொட முந்தி கேஸின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருக்காத் தொடுங்க. ஃபோனில் நாலு படம் எடுங்க, எந்த வயர் எங்கே என்று பிறகு தெரிய வேண்டும்.

ரெம்மின் இரண்டு பக்கக் கிளிப்பையும் கீழே அமத்தினால் அது எழும்பும். ஓரத்தில் பிடியுங்க, பொன்னிற முனையில் விரல் படக்கூடாது. வெள்ளை அழிறப்பரால் அந்த முனையை ஒரே திசையில் நாலைந்து தரம் மெதுவாய்த் தேயுங்க. மண்தாள் வேண்டவே வேண்டாம், பொன் பூச்சு போய்விட்டால் அந்த ரெம் திரும்ப வராது. இறப்பர்த் துகளைப் போட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்க. ரெம் செருகுகிற சொட்டுக்குள் (ஸ்லொட்) வாயால் ஊதினால் எச்சில் ஈரம் போய் உட்காரும். புது, காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். துருவுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரே உள்ளே எங்கேயும் படக்கூடாது.

திரும்பப் போடும்போது ரெம்மின் வெட்டும் சொட்டின் மேடும் நேரே வரவேண்டும். ஒன்றை மட்டும் முதல் சொட்டில் போட்டு, இரண்டு ஓரத்தையும் "டக்" என்று கிளிப் பூட்டும்வரை அமத்துங்க. புதியவர்கள் அதிகம் பிழை விடுவது இந்த இடத்தில்தான்: பயத்தில் பாதி அமத்திவிட்டு "ரெம் போய்விட்டது" என்பார்கள். பிறகு பிளக்கைப் போட்டு ஓட்டிப் பாருங்க. இரண்டு ரெம், இரண்டு சொட்டு என்றால் நாலு விதம். நாலையும் பாருங்க, ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழட்டிவிட்டு. எது வந்தது, எது வரவில்லை என்று எழுதி வைத்தால், கடைக்கே போனாலும் பாதி வேலை முடிந்த மாதிரி.

திகதி 2013க்குப் போவது செல் முடிந்ததால். சிஆர்2032, மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். மல்டிமீட்டர் இருந்தால் டிசி 20 வோல்ட்டில் வைத்து அளங்க: புதியது 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, 2.8க்குக் கீழே என்றால் மாற்றுங்க. கூட்டல் அடையாளம் மேலே. திகதி பிழையாய் இருந்தால் இணையத்தளங்கள் "பாதுகாப்பில்லை" என்று மறிக்கும், அதை வைரஸ் என்று நினைத்து வின்டோஸை அழித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு பெட்டியைத் திறக்கவே கூடாது: பவர் சப்ளை. 230 வோல்ட்டை டிசியாக்கினால் உள்ளே கப்பாசிற்றரில் 325 வோல்ட், சில வகையில் 400க்குக் கிட்ட. பிளக்கைக் கழட்டினாலும் கொஞ்ச நேரம் நிற்கும். அது ஆளைக் கொல்லும்.

செங்கலடி_வாசகர்:
கல்முனை நானா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒழுங்கை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. கணக்குக்கு வேறு பிரதி இல்லை என்கிறார். ரெம்மையும் செல்லையும் காசு கொடுத்து வாங்கலாம், பிள்ளைகளின் வரவுப் பதிவை வாங்க முடியாது. நாலு விதம் மாற்றி மாற்றிப் போட்டு நிறுத்தும்போது டிஸ்க்கும் ஒவ்வொரு முறையும் எழும்பி விழும். பழைய டிஸ்குக்கு அது நல்லதல்ல. ஆகவே முதல் வேலையாக ஹாட் டிஸ்கின் பவர் வயரையும் டேற்றா வயரையும் கழட்டி விடுங்க. டிஸ்க் இல்லாமலே திரை வரும், ரெம்மைச் சோதிக்க அது போதும்.

டிஸ்கைத் தனியாக லெப்டொப்பில் செருகிப் பிரதி எடுக்க சாட்டா–யூஎஸ்பி அடப்டர் (டிஸ்கின் சாட்டா இணைப்பை யூஎஸ்பிக்கு மாற்றுவது) வேணும். டெஸ்க்டொப்பின் 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தேவை, யூஎஸ்பி தருவது 5 வோல்ட். தனி பவர் அடப்டரோடு வருகிறதை இரவல் வாங்குங்க. லெப்டொப் "ஃபோர்மட் செய்யவா" (டிஸ்கை அழித்துப் புதிதாக்கவா) என்று கேட்டால் ஒருபோதும் ஓம் சொல்லாதீங்க. டிஸ்க் டிக் டிக் என்று ஒரே சீராய் அடித்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். தலைப்பகுதி தட்டைச் சுரண்டுகிற சத்தமாக இருக்கலாம், ஓட ஓட இழப்புக் கூடும். அப்போது கடை அல்ல, தரவு மீட்கிற ஆட்களிடம்தான்.

காத்தான்குடி_மாணவன்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். லெப்டொப்பின் டச்பேட் மேலே எழும்பி, கிளிக் ஆகுதில்லை. நானே கழட்டலாமா?

கல்முனை_திருத்துநர்:
வேண்டாம் தம்பி. அது பெரும்பாலும் பேட்டரி ஊதியிருப்பது. சார்ஜ் போடாதீங்க, எழும்பின இடத்தை அமத்தாதீங்க, ஊசியால் காற்றை விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. உள்ளே இருப்பது தீப்பிடிக்கிற வாயு. நிறுத்தி, மெத்தை துணி இல்லாத சீமெந்து நிலத்தில் வைத்து, அப்படியே கடைக்குக் கொண்டு போங்க. பழைய பேட்டரியைக் குப்பையில் எறியவும் கூடாது.

கல்லடி_டீச்சர்:
மூன்று முள் சொக்கெட்டில் போட்டதும் சுரீர் நின்றுவிட்டது. டிஸ்கைக் கழட்டிவிட்டு நாலு விதமும் பார்த்தேன். முதல் சொட்டில் இரண்டு ரெம்முக்கும் திரை வருகிறது, இரண்டாவது சொட்டில் எதற்குமே வரவில்லை. செல் 1.9 காட்டியது, புதிது போட்டாச்சு. டிஸ்கில் இருந்து கணக்கு எல்லாம் லெப்டொப்புக்கு வந்துவிட்டது, டிக் டிக் இல்லை. இப்போ டிஸ்கைத் திரும்பப் பூட்டினால் வின்டோஸ் அடையாளம் வந்து, நீலத் திரை, பிறகு தானாகத் திரும்ப ஓடுகிறது. இது விடுமுறைக்கு முந்தி இருக்கவில்லை. வின்டோஸ் போய்விட்டதா நானா?

கல்முனை_திருத்துநர்:
வின்டோஸ் போகவில்லை சகோதரி. செல் மாற்றும்போது பயோஸ் (வின்டோஸுக்கு முந்தி ஓடுகிற, மதர்போட்டின் சின்ன நிரல்) தன் ஆரம்ப அமைப்புக்குப் போகும். நாலாம் தலைமுறைப் போட்டில் சாட்டா முறை, அதாவது டிஸ்கோடு பேசுகிற விதம், அதில் ஐடிஇ என்ற பழைய வகையாக மாறியிருக்கலாம். வின்டோஸ் போடும்போது ஏஎச்சிஐ என்ற புது வகையாக இருந்திருக்கும். அந்த முறைக்கான டிரைவர் (பாகத்தை இயக்கும் நிரல்) மாறினதும் நீலத் திரை. பெட்டியை ஓட்டும்போதே டிலீட் பட்டனை விட்டு விட்டுத் தட்டுங்க, பயோஸுக்குள் போய் சாட்டா முறையை ஏஎச்சிஐ ஆக்குங்க. திகதியையும் திருத்தி எஃப்10, ஓம். ஏற்கெனவே ஏஎச்சிஐயாக இருந்தால் எனக்குத் திரையில் வருகிற பிழைச் சொல்லை எழுதுங்க, தானாக ஃபோர்மட் பக்கம் போக வேண்டாம்.

இதே வேலையைப் புது லெப்டொப்பில் செய்கிறவர்கள் கவனிக்க: வின்டோஸ் 11 இல் டிஸ்க் பூட்டு போட்டிருந்தால், பயோஸில் கை வைத்ததும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். அதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோப்பைக் கடையாலும் எடுக்க முடியாது.

இரண்டாவது சொட்டை விட்டுவிடுங்க. பிரஷால் ஒருக்காத் தட்டியும் வராவிட்டால் அது போட்டில் உள்ள பழுது, அல்லது சிபியு (கணினியின் மூளையான சிப்) சொக்கெட்டின் முள்ளில். அந்த முள்ளை ஊசியால் நிமிர்த்தப் போகாதீங்க. 4 ஜிபியில் எக்செல் ஓடும். கூட வேண்டுமென்றால் அதே சொட்டுக்கு 8 ஜிபி டிடிஆர்3 ஒற்றை ரெம் போடலாம்.

இனிக் கடைக்குப் போகிற வேலை ஒன்று இருக்கு. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. நாலாம் தலைமுறைக்கு வின்டோஸ் 11ஐ மைக்ரோசொஃப்ட் ஏற்பதில்லை. கணக்கு மட்டும் செய்து இணையம் தொடாமல் வைத்தால் சில காலம் ஓட்டலாம். இணையம் வேண்டுமென்றால் வின்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயக்குதளம், அல்லது வேறு இயந்திரம். எதுவானாலும் 240 ஜிபி எஸ்எஸ்டி (சுத்துகிற தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) ஒன்று போடுங்க. பூட்டுவது உங்களாலும் ஆகும், பழைய டிஸ்கைப் படியெடுத்து மாற்றுவதைக் கடையில் செய்விக்கலாம்.

கொடுக்கும்போது தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்க: ரெம் எத்தனை, டிஸ்கின் தொடரிலக்கம் என்ன, கேட்காமல் ஃபோர்மட் பண்ணக்கூடாது, கழட்டின பழைய பாகம் திரும்ப வேண்டும், பார்க்கிற கூலி எவ்வளவு. "மதர்போட் போய்விட்டது" என்று சொன்னால், வேறு நல்ல ரெம்மும் வேறு பவர் சப்ளையும் போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்க. நல்ல பாஸ் அதற்குக் கோபிக்கமாட்டார். ஓட்டோவில் கொண்டு போனால் தகடு மேலே பார்க்கப் படுக்க வைத்து மடியில் பிடியுங்க, நட்டமாய் நின்றால் குலுக்கலில் சிபியு ஃபேனின் பாரம் போட்டை இழுக்கும்.

செங்கலடி_வாசகர்:
டீச்சர், கடிதங்கள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் எழுத்துருக் கோப்பையும் இப்போதே பென் டிரைவில் எடுத்து வையுங்க. புது வின்டோஸில் பாமினி இருக்காது, திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீங்க. எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்துவிடும்.

கல்லடி_டீச்சர்:
ஐடிஇயில்தான் இருந்தது. ஏஎச்சிஐக்கு மாற்றியதும் வின்டோஸ் வந்துவிட்டது. மிக்க நன்றி நானா, செங்கலடி அண்ணன், வயர்மன் அண்ணன். பாமினி எடுத்தாச்சு. எஸ்எஸ்டி வாங்கும்போது 2.5 அங்குல சாட்டாவா, அந்த மெல்லிய எம்.2 வகையா கேட்க வேண்டும்?

கல்முனை_திருத்துநர்:
2.5 அங்குல சாட்டா. உங்கள் வயதுப் போட்டில் எம்.2 இடம் பெரும்பாலும் இருக்காது. டேற்றா வயர் ஒன்றும் சேர்த்து வாங்குங்க, கேஸில் பூட்ட இடமில்லாவிட்டால் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டினாலும் போதும், அதற்குள் சுத்துகிற பாகம் இல்லை.