டபுள் பேஸ்: வயசானதா, வயசாக்கினதா?

செம்பூர் கீழ்ச்சுதி:
மும்பை சோர் பஜாரில் ஒரு பழைய சாமான் கடையில் டபுள் பேஸ் (ஆளுயர வயலின் மாதிரி, கீழ்ச்சுதி வாத்தியம்) நிற்கிறது. நாலு கம்பி, முக்கால் சைஸ். “ஜெர்மன் சரக்கு, நூற்றைம்பது வருஷம்” என்று கடைக்காரர் ஒன்றேமுக்கால் லட்சம் சொல்கிறார். நடுவில் வெளிறி, ஓரமெல்லாம் கறுத்து, வார்னிஷில் மயிரிழை விரிசல். உள்ளே லேபிளில் 1868 என்று இருக்கிறது. ஆனால் அதே தெருவில் புது மேஜைக்கு டீ டிகாக்‌ஷன் பூசுவதையும் பார்த்திருக்கிறேன். எதை நம்புவது?

பரேல் காயர்:
முதலில் எஃப் துளையின் (முன்பலகையில் ‘f’ வடிவத்தில் வெட்டிய துளை) ஓரத்தைப் பாருங்கள். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ப்ளைவுட். 1868-ம் ப்ளைவுட் பேஸும் ஒட்டாது, பேசாமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

மாட்டுங்கா வஜ்ரப்பசை:
வீணை, தம்பூரா ரிப்பேர்தான் எனக்குப் பிழைப்பு. ஸ்டுடியோக்காரர்களின் செல்லோ, பேஸும் வரும்.

கறுத்த ஓரத்தையும் விரிசலையும் மறந்துவிடுங்கள். பழசாக்குவதே பழைய தொழில். பாரிஸில் வியோம் என்ற வயலின் செய்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே புது வயலின்களைத் தேய்ந்தது போலச் செய்து விற்றவர். ஜெர்மனியில் வாத்தியத் தொழிலுக்குப் பேர்போன ஊரான மார்க்நாய்கிர்ஷன் பட்டறைகளில் ஓரத்தைக் கறுப்பாக்கி அனுப்புவது சர்வசாதாரணம். அதனால் தேய்மானம் பொய்யாகவும் மரம் நிஜமாகவே நூறு வயசாகவும் இருக்கலாம்.

வாசித்தவரின் உடம்பு எங்கே பட்டிருக்கும் என்று பாருங்கள். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது இடது கை பேஸின் தோளில் உரசும். பின்பலகையின் மேல் விளிம்பு வயிற்றில் சாயும், பெல்ட் பக்கிள் அங்கே கீறும். ஓய்வு நேரத்தில் பேஸைப் பக்கவாட்டில் தரையில் கிடத்துவார்கள், பக்கப்பலகை புடைத்த இடம் தேயும். ஏமாற்றுகிறவன் இதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை, கண்ணில் படும் முன்பக்கத்தைத்தான் போட்டுச் சாத்துவான்.

சொட்டைகளை லென்ஸில் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே கறுப்பு அப்பியிருந்தால் ஒரே நாள் வேலை. நிஜத்தில் ஒன்று அழுக்கேறி விளிம்பு மழுங்கியிருக்கும், ஒன்றின்மேல் பாலிஷ் ஏறியிருக்கும், இன்னொன்றில் வெள்ளை மரம் தெரியும். வண்டு ஓட்டை இருந்தால் மெல்லிய கித்தார் கம்பியை விடுங்கள். நேராகப் போய் முட்டினால் அது டிரில் பிட். வண்டு கோணல்மாணலாகத்தான் தின்னும்.

அப்புறம் தலை, அதாவது கம்பியை முறுக்கும் மேல்நுனி. அந்தக் காலத்தில் மூணு கம்பி பேஸ் நிறைய. நாலாக மாற்றும்போது பழைய ஓட்டையை மரத்தால் அடைத்துவிட்டுப் புதுக் கியர் போடுவார்கள். பித்தளைத் தகட்டுக்கு வெளியே பழைய தகட்டின் நிழலோ அடைத்த திருகு ஓட்டையோ தெரிகிறதா? தெரியாவிட்டால் போலி என்று அர்த்தமில்லை, தெரிந்தால் நல்ல சேதி.

செல்போனை உள்ளே விட்டுப் படமெடுங்கள். மூலைமுடுக்கெல்லாம் ஒரே காபி நிறமென்றால் யாரோ பூசியது. சவுண்ட் போஸ்ட் (உள்ளே இரண்டு பலகைக்கும் நடுவே நிற்கும் குச்சி) நிற்கும் இடத்தில் பல தழும்புகள் இருந்தால், பல கைகள் அதை நகர்த்தியிருக்கின்றன.

செம்பூர் கீழ்ச்சுதி:
போய்ப் பார்த்தேன். ப்ளைவுட் இல்லை. முன்பக்கச் சொட்டைகளில் ஒரே கறுப்புதான். ஆனால் பின்விளிம்பில் பக்கிள் கீறல் இருக்கிறது, தலையில் அடைத்த ஓட்டையும் உண்டு. சவுண்ட் போஸ்ட் பக்கம் நாலைந்து தழும்பு. லேபிளில் வருஷத்துக்குக் கீழேயே ‘மேட் இன் ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறது.

மாட்டுங்கா வஜ்ரப்பசை:
அகப்பட்டுக்கொண்டார்! வெளிநாட்டுச் சரக்கில் அப்படிப் போடவைத்தது 1887-ல் பிரிட்டன் கொண்டுவந்த வணிகக்குறிச் சட்டம். அமெரிக்காவும் 1890-ல் சுங்கச் சட்டத்தில் அதையே கேட்டது. 1868-ல் ஜெர்மன் பட்டறைக்காரர் எதற்கு ஆங்கிலத்தில் எழுதப்போகிறார்? லேபிள் பொய், முன்பக்கத்தை யாரோ அலங்கரித்திருக்கிறார்கள், ஆனால் பேஸ் நிறைய வாசிக்கப்பட்ட பழசுதான். மேல்பலகையான ஸ்ப்ரூஸ் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணும் சோதனை உண்டு. கடைசி வளையத்துக்கு முந்தைய வருஷத்தில் செய்திருக்க முடியாது என்று சொல்லும், அவ்வளவே. இந்த விலைக்கு அது தேவையில்லை.

கழுத்து உடம்போடு சேரும் இடத்தையும், பலகை ஒட்டுகளையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். சத்தம் சலசலத்தால் வஜ்ரப்பசை விட்டிருக்கிறது. மும்பை மழைக்கு விடும், மறுபடி ஒட்டலாம். கழுத்து ஆடினால் மட்டும் வேண்டாம்.

விலை பேசும்போது லேபிளைக் காட்டுங்கள். தலையைப் பற்றி மூச்சு விடாதீர்கள்.

பரேல் காயர்:
முடிந்ததும் சொல்லுங்கள், எங்கள் காயருக்கு வரும் டெம்போக்காரர் இருக்கிறார். டாக்ஸியில் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள்.