வைல்ட்ஃபிளை சி.எல்.ஐ.: லேப்டாப்பிலிருந்து நுழைவது எப்படி?

வணக்கம். வைல்ட்ஃபிளை சர்வரை (ஜாவா அப்ளிகேஷன்களை ஓட்டுவது) நிர்வகித்தவர்கள் யாராவது கொஞ்சம் உதவுங்கள். வைல்ட்ஃபிளை 26, ஜாவா 11, லினக்ஸ்.

எஸ்.எஸ்.எச். வழியாக சர்வருக்குள் போய் ஜேபாஸ் சி.எல்.ஐ. ஸ்கிரிப்டை (வைல்ட்ஃபிளையை கமாண்டுகளால் நிர்வகிக்கும் கருவி) ஓட்டினால், பாஸ்வேர்டே கேட்காமல் கன்சோல் திறந்துவிடுகிறது. அதையே என் லேப்டாப்பிலிருந்து 9990 போர்ட்டுக்கு விட்டால் இணைப்பு மறுக்கப்படுகிறது. மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸ் 127.0.0.1-இல், அதாவது அந்த மெஷினுக்குள் மட்டும், இருப்பதால் அது நியாயம்தான். 0.0.0.0 என்று மாற்றி ஊருக்கே திறந்துவிட மனசில்லை. வார் ஃபைலை (அப்ளிகேஷன் பேக்கேஜ்) ஏற்றுவது முதல் சர்வரை நிறுத்துவது வரை எல்லாம் அந்த ஒரு போர்ட்டில்தான்.

சரி என்று, லேப்டாப் போர்ட்டை எஸ்.எஸ்.எச். வழியாக சர்வரின் 9990-க்கு இணைக்கும் டனல் போட்டேன். இப்போது சர்வர் வரை போகிறது, ஆனால் லாகின் ஆகவில்லை. நான் அதே மெஷினில் இருப்பதாக சர்வர் நினைத்து, பாஸ்வேர்டுக்குப் பதிலாக தன் டிஸ்கில் எழுதிய டோக்கன் ஃபைலைப் படித்துக் காட்டச் சொல்கிறதோ என்று சந்தேகம். ஆட்-யூசர் ஸ்கிரிப்டில் மேனேஜ்மென்ட் யூசர்தான் உருவாக்கியிருக்கிறேன், அப்ளிகேஷன் யூசர் அல்ல. இந்த லோக்கல் லாகினைத் தவிர்க்கும் நோ-லோக்கல்-ஆத் ஆப்ஷனை சி.எல்.ஐ.-க்கு கொடுத்தால் போதுமா, கான்ஃபிகரேஷன் ஃபைலிலும் கை வைக்க வேண்டுமா?

அப்புறம் இன்னொன்று: பேட்ச் மோடில் (பல கமாண்டுகளைச் சேர்த்து ரன்-பேட்ச் மூலம் ஒரே மூச்சில் ஓட்டுவது) கமாண்டுகளை அடுக்கும்போது, சர்வர் கான்ஃபிகரேஷனை மறுபடி ஏற்றும் ரீலோடையும் அதற்குள்ளேயே சேர்க்கலாமா, ரன்-பேட்ச் முடிந்தபின் தனியாகத்தான் கொடுக்க வேண்டுமா?