சீசன் டிக்கெட்டை ஸ்மார்ட்கார்டாக மாற்றலாமா? கேட், பாயின்ட், பணம் எல்லாம் ஒரே கார்டில் சரிவருமா?

கிழக்குவாசல் கேட்கிறார்:
எங்கள் கிளப் மைதானத்தில் சுமார் 20,000 பேர் உட்காரலாம். அடுத்த சீசனிலிருந்து அச்சடித்த சீட்டை விட்டுவிட்டு ஸ்மார்ட்கார்டு கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு ஓடுகிறது. விற்க வந்தவர்கள் எல்லாமே ஒரே கார்டில் முடியும் என்கிறார்கள். கேட்டில் காட்டி உள்ளே போகலாம், வந்த ஆட்டத்துக்கெல்லாம் பாயின்ட் ஏறும், உள்ளே இருக்கும் கடைகளில் பணமும் கட்டலாமாம். ஆனால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போதுதான் வருவார்கள், அந்த நேரம் பார்த்து ரீடர் மக்கர் பண்ணினால் வெளியே என்ன ஆகும் என்பதுதான் என் பயம். எதில் ஆரம்பிக்க வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்? க்யூஆர் கோடே போதும் என்பவர்களும் காரணத்தோடு சொல்லுங்கள்.

கேட்_கணக்கு:
பயம் நியாயமானதுதான். பிரிட்டனின் மைதானப் பாதுகாப்பு வழிகாட்டி (கிரீன் கைடு என்பார்கள்) ஒரு டர்ன்ஸ்டைலில் (ஒவ்வொருவராக உள்ளே விடும் சுழல் கதவு) மணிக்கு 660 பேருக்கு மேல் கணக்குப் போடக் கூடாது என்கிறது, அதாவது ஆளுக்கு ஐந்தரை வினாடி. உங்கள் 20,000 பேரை ஒரு மணி நேரத்தில் உள்ளே விட 31 டர்ன்ஸ்டைல் வேண்டும். கார்டு வாங்கியதால் அந்த எண்ணிக்கை குறைந்துவிடாது, ஏனென்றால் சிப்பைப் படிக்க ஒரு வினாடிகூட ஆகாது, நேரத்தைத் தின்பது பையைத் துழாவுகிறவரும் கேட் மாறி வந்தவரும்தான்.

அடுத்தது, ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்ட பிறகுதான் கதவு திறக்கும் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். செல்லும் கார்டுகள், முடக்கிய கார்டுகள் இரண்டின் பட்டியலும் ஒவ்வொரு கேட்டிலும் இருக்க வேண்டும், நெட்வொர்க் செத்தாலும் வரிசை நகர வேண்டும். அப்போது ஒரு சிக்கல் வரும்: கேட்டுகள் தங்களுக்குள் பேசாத நேரத்தில் உள்ளே போனவர் வேலி வழியாகக் கார்டை நண்பரிடம் கொடுத்து வேறு கேட்டில் நுழைய வைக்கலாம். இங்கேதான் ஸ்மார்ட்கார்டு க்யூஆரை ஜெயிக்கிறது. 'இந்த ஆட்டத்துக்கு உள்ளே போயாயிற்று' என்று ரீடர் கார்டிலேயே எழுதிவிடும், அடுத்த கேட் அதைப் படித்து நிறுத்தும். க்யூஆரில் எதையும் எழுத முடியாது.

சிப் விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். மைஃபேர் கிளாசிக் என்ற பழைய சிப்பின் பாதுகாப்புப் பூட்டை 2008-லேயே ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள், இன்னும் மலிவு என்று அதைத் தலையில் கட்டுகிறவர்கள் உண்டு. கார்டின் தொடர் எண்ணை மட்டும் படித்துக் கதவு திறக்கும் ஏற்பாடு அதைவிட மோசம், அந்த எண்ணை நகலெடுப்பது சுலபம். ஏஇஎஸ் குறியாக்கம் உள்ள டெஸ்ஃபயர் மாதிரியான சிப்பைக் கேளுங்கள்.

மேல்தள_ரசிகன்:
கேட்டைப் பற்றி மேலே நண்பர் சொல்லிவிட்டார், நான் ரசிகன் பக்கமாகப் பேசுகிறேன். பாயின்ட் நல்லதுதான். வெளியூர் ஆட்டத்துக்கோ இறுதிப் போட்டிக்கோ டிக்கெட் குறைவாக இருக்கும்போது, யார் தொடர்ந்து வந்தார்கள் என்று கேட் பதிவே சொல்லும், சிபாரிசுக்கு வேலை இல்லை. ஆனால் விதியைச் சீசன் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள், நடுவில் மாற்றினால் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டார்கள். உடம்பு சரியில்லாதவர் தன் இடத்தை வேறொருவருக்கு முறைப்படி மாற்றிக் கொடுத்தால் பாயின்ட் யாருக்கு என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள், முதல் சண்டை அதில்தான் வரும்.

பணத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். ஆம்ஸ்டர்டாம் அரீனாவில் முன்பு உள்ளே வாங்குவதற்கென்றே தனிக் கார்டு வைத்திருந்தார்கள், எப்போதாவது வருகிறவருக்கு மிச்சப் பணம் கார்டிலேயே மாட்டிக்கொள்ளும். துருக்கியில் 2014-ல் கால்பந்து மைதானத்துக்குள் போக பாஸோலிக் என்ற மின்-டிக்கெட் கார்டைக் கட்டாயமாக்கி, அதை ஒரு வங்கியோடும் கட்டிவைத்தார்கள். எங்களை வாடிக்கையாளராகவும் கண்காணிக்க வேண்டியவர்களாகவும் பார்க்கிறீர்கள் என்று ரசிகர் குழுக்கள் புறக்கணித்தன, காலரிகள் காலியாகக் கிடந்தன. சீட்டு வாங்கியவனின் பெயர், இருக்கை, வந்த நாள் தெரிந்தால் கிளப்புக்குப் போதும்.

நாலாம்_வரிசை:
ஒரே ஒரு ஆட்டத்துக்கு வருகிறவருக்குக் கார்டு அச்சடிப்பது வீண், அவருக்கு க்யூஆர் கொடுங்கள். சீசன்காரர்களுக்குக் கார்டுதான், போன் இல்லாத பெரியவர்களும் குழந்தைகளும் அவர்களில் இருப்பார்கள். ஒரே ரீடர் இரண்டையும் படிக்கிறதா என்று மட்டும் வாங்கும்போது பாருங்கள்.

கிழக்குவாசல்:
நன்றி நண்பர்களே. பணத்தை விட்டுவிடலாம் என்று குழுவில் சொல்லப் போகிறேன். கார்டைத் தொலைத்தவர், வீட்டில் மறந்து வந்தவர், இவர்களை ஆட்ட நாளில் என்ன செய்வது?

கேட்_கணக்கு:
டர்ன்ஸ்டைலுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே பேசாதீர்கள். வரிசைக்கு வெளியே தனி கவுன்டர் போட்டு, பழைய கார்டை முடக்கி, அன்றைக்கு மட்டும் செல்லும் சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்புங்கள். முடக்கிய தகவல் எல்லாக் கேட்டுக்கும் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. இங்கிலாந்தில் கால்பந்து ரசிகர் எல்லோருக்கும் அடையாள அட்டை என்று 1989-ல் சட்டமே போட்டார்கள். ஹில்ஸ்பரோ மைதானத்தில் ரசிகர்கள் பலர் இறந்த நெரிசலை விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரி அறிக்கையில் அதை ஆதரிக்கவில்லை, கருவி கோளாறானால் டர்ன்ஸ்டைலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்து ஆபத்தாகும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, அரசும் திட்டத்தைக் கைவிட்டது. இன்றைய கருவிகள் எவ்வளவோ தேவலை, ஆனால் அந்தக் காரணம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் ரீடர்கள் நின்றுபோனால் யார் சொல்லி, எந்தக் கேட்டில், ஆட்கள் கையால் பார்த்து உள்ளே விடுவார்கள் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒத்திகை பாருங்கள். கூட்டம் குறைவாக வரும் பயிற்சி ஆட்டம் ஒன்றில் வேண்டுமென்றே சர்வரை அணைத்தும் பாருங்கள், விற்றவரையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு.