டெக்ஸ்-மெக்ஸ் பன்றிக்கறி பௌல்: காரம் தாங்கவில்லை, கறியும் வேகவில்லை

பள்ளிபஸ் மாமா (சுங்கை சிப்புட்):
வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரிக்குக் கையுறை ஆலையில் ஷிப்ட். அன்றைக்கு அடுப்பு என் கையில். பெரிய மகள் கைப்பேசியில் டெக்ஸ்-மெக்ஸ், அதாவது டெக்சஸும் மெக்சிகோவும் கலந்த சமையலில், ஓர் அமெரிக்கக் குறிப்பைக் காட்டி, "இதைச் செய்யுங்க அப்பா" என்றாள். சோற்றின் மேல் பிய்த்த பன்றிக்கறி, சிவப்பு பீன்ஸ், சோளம், தக்காளி, அதற்கும் மேலே புளித்த கிரீம்.

பாசாரில் பன்றி விற்கும் மூலையில் தோள்பட்டைக் கறி ஒன்றரைக் கிலோ வாங்கினேன். மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி என்று இருந்தது. மில்லில் அரைத்து வைத்திருந்த நம் தூளை அப்படியே அளந்து போட்டேன். வதக்கும்போதே தும்மல் தாங்காமல் வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி, "யாருக்குப்பா சுத்திப் போடுற?" என்று கேட்டார்.

குக்கரில் 6 விசில் விட்டும் கறி ஒட்டுப்பால் மாதிரி இழுத்தது. பிய்க்க வரவில்லை, கத்தியால் வெட்டித்தான் போட்டேன். பிள்ளைகள் வெறும் சோளத்தைத் தின்றுவிட்டு எழுந்துவிட்டார்கள். எங்கே தப்பு? ஓரிகானோ என்ற இலையும் இங்கே கடையில் கிடைக்கவில்லை.

ஈப்போ அக்கா:
தம்பி, உங்கள் மேல் தப்பில்லை, பெயர்தான் ஏமாற்றிவிட்டது. அமெரிக்காவில் மிளகாய்த்தூள் என்றால் பெரும்பாலும் கலவைப் பொடி. காரம் குறைந்த காய்ந்த மிளகாயோடு சீரகம், பூண்டு, ஓரிகானோ எல்லாம் சேர்த்து அரைத்தது. 1890-களில் டெக்சஸில் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் இப்படிப் பொடி செய்து விற்கத் தொடங்கி, அது பிரபலமாகிவிட்டது. நம் தூள் வெறும் மிளகாய். 3 கரண்டி போட்டால் ஊரே தும்மும்.

சம்பலுக்கு அரைப்போமே, அதே வழியில் போங்கள். பெரிய காய்ந்த மிளகாய் 8 எடுத்து, விதையை உதறிவிட்டு, சுடுநீரில் 20 நிமிடம் ஊறவைத்து பூண்டோடு அரையுங்கள். சீரகத்தை வறுத்துப் பொடித்து ஒன்றரை மேசைக்கரண்டி. சின்னச் சீரகம், பெரிய சீரகம் இல்லை! அந்தச் சமையலுக்கு வாசனையே சீரகம்தான். ஓரிகானோவுக்கு வீட்டுப் பக்கத்துக் கற்பூரவல்லியில் இரண்டு இலை கிள்ளிப் போடுங்கள், வாசனை கிட்டத்தட்ட அதுதான். மூன்றாவது இலை போட்டால் சளிக்குக் கஷாயம் குடித்த மாதிரி ஆகிவிடும்.

காப்பார் தம்பி:
எதற்கு அண்ணே இந்த வம்பு? மிளகு தூக்கலாகப் போட்டு ஒரு பிரட்டல் செய்தால் முடிந்தது. டெக்சஸ்காரர்களே மாட்டிறைச்சிதான் அதிகம் போடுவார்கள்.

முன்னாள் கேன்டீன்காரர்:
மாடு வாங்காத வீட்டில் பன்றி போடட்டுமே, என்ன இப்போது?

மாமா, தோள்பட்டையில் நார் அதிகம். அந்த நார் கரைந்து பசையாக மாறினால்தான் கறி பிய்யும். அதற்கு உள்சூடு 90 டிகிரிக்கு மேல் ஏறி, கொஞ்ச நேரம் அங்கேயே நிற்க வேண்டும். விசில் எண்ணாதீர்கள். கறியை உள்ளங்கை அளவுத் துண்டாக வெட்டுங்கள். முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 50 நிமிடம், ஆவி தானாக அடங்கட்டும். தண்ணீரும் அதற்குத் தக்கபடி இருக்கட்டும். அப்புறம் முள்கரண்டியால் பிய்த்து, மேலே மிதக்கும் கொழுப்பையே வாணலியில் ஊற்றி, ஓரம் முறுகும்வரை புரட்டுங்கள். கடைசியில் ஒரு கரண்டி குழம்பும் கஸ்தூரி எலுமிச்சைச் சாறும்.

இன்னொன்று. சிவப்பு பீன்ஸை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வைத்து வேகவிடுங்கள். அரைவேக்காட்டில் தின்றால் வாந்தியும் பேதியும்தான். ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போடவே போடாதீர்கள்.

பள்ளிபஸ் மாமா:
இன்று செய்தேன். முள்கரண்டி வைத்ததும் கறி தானாகப் பிரிந்தது. கிரீமுக்குப் பதில் தயிரைத் துணியில் கட்டி வடித்தேன். சின்னவன் இரண்டாவது தடவை சோறு கேட்டான். பாட்டிக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். தயிரை ஒதுக்கிவிட்டு மாங்காய் ஊறுகாய் கேட்டாராம்.