புதுப்பிப்பு: குற்றவாளி பஃபர் அல்ல

டெக்சாஸில் பதிவு செய்து வைத்திருக்கும் என் 10.5 அங்குலக் குழல் ஏஆர்-15 துப்பாக்கி, கடைசித் தோட்டா தீர்ந்ததும் போல்ட் (தோட்டா அறையை மூடும் பாகம்) பின்னால் நிற்காமல் மூடிக்கொள்கிறது என்று சென்ற மாதம் புலம்பியிருந்தேன். போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் எடைக்கட்டியான பஃபர்தான் காரணம், என்னுடைய எச்2 ரகம் அதிகக் கனம் என்றீர்கள். நம்பி 130 கிராமிலிருந்து 85 கிராமுக்கு இறங்கினேன். வலுக்குறைந்த தோட்டாக்களில் பழைய கதையே.

நேற்றுதான் கைப்பிடி உறையைக் கழற்றிப் பார்த்தேன். திருகு தளர்ந்து, கேஸ் பிளாக் (குழலின் துளை வழியே வரும் வாயுவைப் போல்ட்டைத் தள்ளத் திருப்பிவிடும் பாகம்) ஒரு மில்லிமீட்டர் அளவு முன்னே நகர்ந்திருந்தது. துளையைச் சுற்றிப் பிறைபோல் படிந்த கரி காட்டிக்கொடுத்துவிட்டது: பாதித் துளை மூடிக் கிடந்திருக்கிறது! துளையை அகலப்படுத்தச் சொன்ன யோசனையைக் கேட்காதது நல்லதாயிற்று. வெட்டிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா?

நேராக்கி இறுக்கிய பின் 120 தோட்டாக்கள், ஒரு தடங்கலும் இல்லை. ஆனால் வெற்றுக் கூடுகள் இப்போது முன்பக்கமாக, கடிகார முகப்பில் ஒரு மணி இருக்கும் திசையில் பறக்கின்றன; போல்ட்டைத் தள்ளும் வாயு மிகுதி என்பதற்கு அடையாளம். எச்2 மறுபடி உள்ளே போகிறது.