மறைக்கல்வி நேரத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் பழக்கலாமா?

கொட்டாஞ்சேனை மறையாசிரியர்:
ஞாயிறு மறைக்கல்வியின் கடைசி அரைமணி நேரத்தைப் பிள்ளைகளுக்கு ஆர்மோனியமும் மிருதங்கமும் பழக்குவதற்கு ஒதுக்கலாம் என்றொரு யோசனை எங்கள் பங்கில் எழுந்துள்ளது. நான் அதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். 1963இல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு குழாய்களில் காற்றுச் செலுத்தி ஒலிக்கும் குழல் ஓகனை உயர்வாகப் போற்றினாலும், ஆலயத்தின் மாண்புக்கும் மக்களின் பக்திக்கும் பொருந்துகின்ற பிற கருவிகளுக்கும் இடமளித்தது. மறைபரப்புப் பகுதிகளில் அந்தந்த மக்களின் மரபிசையைப் பாடசாலைகளிலும் வழிபாட்டிலும் வளர்க்க வேண்டும் என்றும் அதே ஏடு கூறுகிறது.

வெள்ளவத்தை வாசகர்:
ஐயா, 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் பியானோவையும் முரசு, கைத்தாளம் போன்றவற்றையும் ஆலயத்தில் தடுத்ததற்குக் காரணம் இருந்தது. வழிபாட்டில் முதலிடம் மனிதக் குரலுக்கே உரியது. கீழைத் திருச்சபைகள் பலவற்றில் இன்றும் கருவியின்றியே பாடுகிறார்கள். எங்கள் ஆலயத்தில் காணிக்கைப் பாடலுக்குக் கீபோட் வாசிப்பவர் அதிலுள்ள தாள விசையை அழுத்திவிடுகிறார். முதல் அடி முடிந்து முதியவர்கள் மூச்செடுப்பதற்குள் இயந்திரத் தாளம் அடுத்த அடிக்குப் போய்விடுகிறது. இரண்டாம் சரணத்தில் பாடகர் குழாமைத் தவிர வேறு எவரும் பாடுவதில்லை. ஆர்மோனியத்தின் நிலைத்த சுரங்களில், சுரத்தை அசைத்து இழைக்கும் கமகமும் பிடிபடாது. அகில இந்திய வானொலி 1940இல் அதை விலக்கிவைத்து, முப்பது ஆண்டுகள் கழித்தே தளர்த்தியது. அப்படிப்பட்ட கருவியை வைத்துப் பிள்ளைகளின் காதைப் பழக்குவது எனக்கு வேதனை தருகிறது.

கொட்டாஞ்சேனை மறையாசிரியர்:
இயந்திரத் தாளம் யாருக்காகவும் காத்திராது என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் மிருதங்கக்காரர் பாடுகிறவர்களின் வாயைப் பார்த்தே வாசிக்கிறார். முதியவர் ஒருவர் இழுத்தால் அவரும் சற்று நிறுத்துவார். தவறான பழக்கத்தைத் தடுப்பதற்கு நல்ல கருவியை ஏன் தண்டிக்க வேண்டும்? எக்காளம், யாழ், மத்தளம், புல்லாங்குழல், கைத்தாளம் என்று 150ஆம் திருப்பாடல் ஒவ்வொன்றாக அழைக்கிறதே! தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆயினும் இராகமும் தாளமும் குறித்து அவர் இயற்றிய கீர்த்தனைகள் தமிழ்க் கிறிஸ்தவர் அனைவருக்கும் சொத்து. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைத் தொடையில் தட்டி அறியாத பிள்ளை அவற்றை எப்படிச் சரியாகப் பாடும்?

பம்பலப்பிட்டி பெற்றோர்:
கட்டணம் கொடுத்துத் தனி வகுப்புக்குப் போகும் பிள்ளைகளே ஆலயத்திலும் கருவிக்கு முன்னால் அமர்கிறார்கள். பங்கிலேயே பழக்கினால் மற்றப் பிள்ளைகளுக்கும் அந்த இடம் கிடைக்கும். எனவே நான் இந்த யோசனையின் பக்கம் நிற்கிறேன்.

வெள்ளவத்தை வாசகர்:
சகோதரி, தங்கள் கவலை நியாயமானது. ஆனால் அரைமணி நேரத்தில் இரண்டு கருவிகளை நாற்பது பிள்ளைகள் தொடுவது எப்படி? ஆதார சுரத்தை விடாமல் ஒலிக்கும் ஒரு சுருதிப்பெட்டி இருந்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பாடலாம். முதலில் சுருதி சேரட்டும், தாளத்தைக் கையால் போடட்டும். மிருதங்கத்தை அதன் பின்னர் வாங்கினால் போதும்.

கொட்டாஞ்சேனை மறையாசிரியர்:
கருவிக்கு முறை வைக்கலாம், ஐயா. ஒரு பிள்ளை வாசிக்கும்போது மற்றவர்கள் பாடுவார்கள். பங்குச் சபைக் கூட்டத்தில் யோசனையை இவ்வடிவிலேயே முன்வைக்கப் போகிறேன்.